துணைப்பாவை

விலக்கு நாள் நெருங்கினால் சங்குமேட்டு அடுக்ககத்தில் யாரும் யாரிடமும் எதையும் சொல்லமாட்டார்கள். பிறந்த நாள் வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு கேக் வெட்டுவார்கள். இருமல் வந்தால் தலையணையில் வாயை அழுத்திக்கொண்டு இருமுவார்கள். கருவாடு வறுக்கிறவர்கள் அந்த வாரம் வறுக்கமாட்டார்கள். ஒருபோதும் வறுக்காதவர்களோ, 'கருவாடு வறுக்காதவர்' என்று யாரும் அடையாளம் வைத்துவிடக் கூடாதே என்று, மூக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டு துண்டு வறுத்து நாற்றத்தை நடையில் பரவவிடுவார்கள். லிஃப்டில் ஏறினால் ஒவ்வொருவரும் மற்றவர் செருப்பைப் பார்ப்பார்கள். செருப்பில்கூட ஒரு நிபந்தனை கிடைக்கும்.

கடல் ஏறித் தூத்துக்குடியின் பாதி தண்ணீருக்குள் போன பிறகு, பழைய உப்பளத்தை மேடாக்கி எழுப்பிய கட்டடங்களில் சங்குமேடும் ஒன்று. நன்னீரும் காய்ந்த தரையும் அங்கேதான் இருந்தன. கீழூரில் தெருவுக்குத் தெரு முழங்கால் அளவு உப்புத் தண்ணீர். மேலே வருவதற்குக் கீழே ஒரு நீண்ட வரிசை காத்திருந்தது. அவர்களுக்கு இடம்விட, பருவத்துக்கு ஒரு முறை மேலே இருப்பவர்களில் சிலர் இறங்கியாக வேண்டும். யார் இறங்குவது என்பதை முதலில் அதிகாரிகள் முடிவு செய்தார்கள். ஊர் அவர்களை அடிக்கப் போனது. அதன் பிறகுதான் நெய்வி வந்தது.

நெய்வியை இயந்திரம் என்று சொல்ல முடியாது. அது ஒரு நிரலகம்; பல கணினி நிரல்களைச் சேர்த்துக் கட்டிய தொகுதி. ஒவ்வொரு வீட்டின் முன்சுவரிலும் அதற்கு ஒரு காது இருந்தது. விலக்கு நாளன்று வீட்டுக்கு ஒருவர் அந்தக் காதருகே நின்று, எப்படிப்பட்டவர் இறங்க வேண்டும் என்று சாதாரணப் பேச்சிலேயே சொல்லலாம். நெய்வி அந்தப் பேச்சைப் பிரித்து, 'மற்றும்', 'அல்லது', 'இல்லை' என்ற இழைகளால் கோத்து, ஒரு நிபந்தனையாக நெய்து, குடியிருப்பவர்களின் பதிவேடான குடித்தொகுப்பிடம் கேட்கும். குடித்தொகுப்பில் எல்லாரும் இருந்தார்கள். நடையில் பதித்த கண்களும் காதுகளும் கண்டதையும் கேட்டதையும் அதில் சேர்த்துக்கொண்டே இருந்தன. யார் படியில் துப்புகிறார், யார் பிள்ளையை அடிக்கிறார், யார் தூங்காமல் நடக்கிறார், எல்லாம்.

விதிகள் எளியவை. பெயரும் கதவு எண்ணும் சொல்லக் கூடாது. ஒரே ஒருவர் மட்டும் மாட்டுகிற நிபந்தனை, பெயர் சொன்னதற்குச் சமம். நெய்வி அதைத் துப்பிவிடும். குறைந்தது இரண்டு பேராவது மாட்ட வேண்டும். அப்படித் தேறிய நிபந்தனைகளில் எது மிகக் குறைவான ஆட்களைப் பிடிக்கிறதோ அது நிறைவேறும். சமமாக வந்தால் சமமானவை அத்தனையும் நிறைவேறும். சட்டம் எழுதியவர்கள் இதைக் கருணை என்று நம்பினார்கள். பெயர் இல்லாததால் பகை இல்லை, ஆள் குறைவதால் அழுகையும் குறைவு என்பது அவர்கள் கணக்கு.

அந்தக் கருணையில் இரண்டாவது ஆளாக மாட்டியவள் ஜெனோவா.

ஜெனோவாவும் அவள் அக்கா பிலோமியும் ஒன்பதாவது மாடியில் ஒரே வீட்டில் இருந்தார்கள். போன பருவத்தில், கதவைத் திறக்க ஜெனோவா வைத்திருந்த கதவட்டை சிவப்பாகியது; இறங்க வேண்டும் என்று அர்த்தம். அவளோடு சேர்ந்து மேல் மாடிக் குழாய்க்காரரும் இறங்கினார். 'காலையில் இருமுகிறவர், படியேறும்போது நடுவில் நின்று மூச்சு வாங்குகிறவர்' என்பது நிபந்தனை. தங்கை தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உப்புத் தண்ணீருக்குள் இறங்கியதைப் பிலோமி ஜன்னலிலிருந்து பார்த்தாள். அதைச் சொன்னது யார் என்று அவள் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. சொன்னவரே சொல்லிவிட்டார்.

பக்கத்து வீட்டுச் செல்வமணி நன்னீர் ஆலையில் வேலை பார்க்கிறவர். ஐம்பது வயதைத் தாண்டியவர். ஒரு கூண்டு நிறையப் பறவைகளைத் தவிர அவருக்கு யாரும் இல்லை.

"ஒந் தங்கச்சி மேல எனக்கு என்னம்மா வெரோதம்?" என்றார் அவர், நடையில் நின்று பறவைக் கூண்டைத் தட்டிச் சுத்தம் செய்துகொண்டே. "அந்தக் கொழாய்க்காரன எறக்கணும்னு நெனச்சேன். அவன மட்டும் சொன்னா சுவரு துப்புது. வேலையச் சொல்லாம இருமலச் சொன்னேன். ரெண்டு ஆளு மாட்டுச்சி, ஏத்துக்கிட்டுது. ரெண்டாவது யாருன்னு நான் பாத்தனா?"

"அப்ப அவ இருமுனது தப்பா, அண்ணாச்சி?"

"தப்புன்னு யாரு சொன்னா? ரெண்டு பேரு வேணும்லா. அவ இருந்தா. அவ்வளவுதான்."

கூண்டிலிருந்து விழுந்த எச்சம் பிலோமியின் வாசலில் கிடந்தது. அதை அவர் பார்த்தார். எடுக்கவில்லை.

அன்றிலிருந்து பிலோமிக்கு ஒரே நினைப்புதான். செல்வமணி இறங்க வேண்டும். அவர் இறங்கினால் மேலே ஒரு இடம் காலியாகும். காத்திருக்கும் வரிசையில், ரத்த உறவு மேலே இருக்கிறவளென்ற உரிமையில் ஜெனோவா முன்னால் நின்றாள். அவளுடைய இருமல் இப்போது தொலைபேசியில்கூடக் கேட்டது. பேசத் தொடங்கினால் இரண்டு சொல்லுக்கு ஒரு இருமல். கீழூர் மருத்துவர், காய்ந்த இடத்துக்குப் போகாவிட்டால் அடுத்த மழையைத் தாண்டமாட்டாள் என்று சொல்லிவிட்டார்.

பிலோமியின் வேலை நெய்வியைச் சோதிப்பது. மூன்றாவது மாடியில் சோதனைக்கூடம். நிரல் எழுதுகிறவர்கள் நெய்வியில் எதை மாற்றினாலும், சொன்னதும் நெய்ததும் ஒன்றுதானா என்று பார்த்து அவள் ஒப்புதல் கொடுக்க வேண்டும். 'நாய் வளக்கிறவங்க, இல்லன்னா பூனை வளக்கிறவங்க, அதுவும் ஏழாவது மாடில' என்று ஒருவர் சொன்னால், ஏழாவது மாடி என்பது பூனைக்கு மட்டுமா, நாய்க்கும் சேர்த்தா? நெய்வி ஒரு அடைப்புக்குறியை ஒரு சொல் தள்ளிப் போட்டால் கட்டடத்து நாய்க்காரர்கள் அத்தனை பேரும் கீழூருக்குப் போவார்கள்.

நிஜ மனிதர்களை வைத்து இதைச் சோதிக்க முடியாது. அதற்குப் பாவைகள் இருந்தன. பாவை என்றால் வெறும் பதிவு. எல்லாவற்றுக்கும் பெயர் 'அஅஅ', வயது ஏதோ ஒன்று, பழக்கங்கள் ஏதோ சில. பாவைகளுக்கு வாயும் வைத்திருந்தார்கள். மனிதர்கள் யோசித்துச் சொல்லும் நிபந்தனைகளால் எல்லாப் பிழையும் வெளியே வராது. ஆகவே பாவைகள் சொற்களைக் குலுக்கிப்போட்டுக் கண்டபடி நிபந்தனை சொல்லும். புதுப் பதிப்பு வந்தால் கடைசியாக ஒரு பாவையை, வாயை அடைத்துவிட்டு, உண்மையான குடித்தொகுப்பிலேயே ஒரு நாள் குடிவைப்பார்கள். நெய்வி அதைச் சரியாகப் பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுத்துவிடுவார்கள். குடிவைப்பதும் எடுப்பதும் பிலோமிதான்.

அந்தப் பருவத்தில் அவள் வைத்தாள். எடுக்கவில்லை.

அந்தப் பாவைக்கு அவள் கொடுத்த பழக்கங்களைப் பொறுமையாகத் தேர்ந்தெடுத்திருந்தாள். பிறகு விலக்கு நாளன்று தன் வீட்டுச் சுவர்க் காதருகே நின்று, பக்கத்துக் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள்:

"விடியிறதுக்கு முந்தி பறவைகளுக்குச் சீட்டி அடிக்கிறவங்க. எடது கால லேசா இழுத்து நடக்கிறவங்க. நடையில எதுக்க ஆளு வந்தா சுவரப் பாத்துத் திரும்பிக்கிடுறவங்க."

சுவர் ஒரு கணம் யோசித்தது. பிறகு பச்சையாயிற்று. இரண்டு பேர். ஒருவர் செல்வமணி. மற்றவர் 'அஅஅ', ஒன்பதாவது மாடியில் துடைப்பம் வைக்கும் அறையில் வசிப்பவர்.

யாருக்கும் தீங்கில்லாமல் தீங்கு செய்துவிட்டோம் என்று பிலோமிக்குத் தோன்றியது. செல்வமணியைப் போல அவள் ஒரு அப்பாவியை இரண்டாவது ஆளாக இழுக்கவில்லையே. அன்றைய நிபந்தனைகளில் இரண்டு பேரோடு நின்றது அவளுடையது மட்டும்தான். செல்வமணியின் கதவட்டை சிவப்பாகியது. காவலர்கள் துடைப்ப அறையையும் தட்டிப் பார்த்துவிட்டு, 'ஆள் இல்லை, வந்ததும் அனுப்பப்படும்' என்று பதிந்துவிட்டுப் போனார்கள்.

செல்வமணி கூண்டைத் தூக்கிக்கொண்டு நடையில் நின்றார். அவள் கதவைப் பார்த்து, அது திறந்திருக்கிறதென்று தெரிந்தே சத்தமாகச் சொன்னார்: "நீதான் சொன்னேன்னு எனக்குத் தெரியும். நல்லா இரு. அந்தத் தண்ணியில ஒந் தங்கச்சி வீட்டுக்கு எதுத்தாப்புலயே நான் வீடு கட்டுதேன், பாரு."

"கட்டும். அவ இனி அங்க இருக்கப் போறதில்ல."

ஆனால் ஜெனோவா மேலே வரவில்லை. அவள் பெட்டியோடு வாசலில் நின்றபோது வாசல் திரையில் 'இடம் நிரம்பியுள்ளது' என்று ஒளிர்ந்தது. பிலோமி ஓடிப்போய்க் காவலரிடம் சண்டை போட்டாள். காவலர் திரையைக் காட்டினார். கட்டடத்தில் இருக்க வேண்டிய எண்ணிக்கை இருக்கிறது. ஒரு ஆள் குறைந்தால்தான் ஒரு ஆள் ஏறலாம்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. குடித்தொகுப்பிலிருந்து ஒருவரை நீக்குவது வாசல்தான். வாசற்படியின் கண் ஒருவருடைய கால் வெளியே போனதைப் பார்த்தால்தான் அவருடைய பதிவு அழியும். செல்வமணியின் கால் போய்விட்டது. பாவைக்குக் கால் இல்லை. அது ஒருபோதும் வாசலைத் தாண்டாது. தாண்டாதவரை அது குடிதான். செல்வமணியின் இடத்தில் துடைப்ப அறைக்காரர் உட்கார்ந்துகொண்டார்.

"எக்கா, நான் திரும்பிப் போகவா?" என்று ஜெனோவா வாசலுக்கு வெளியே நின்று கேட்டாள். இருமல் அவளைக் குனிய வைத்தது.

"கொஞ்ச நாள் பொறு, ஏட்டி. சரி பண்ணுதேன்."

சரிபண்ணலாம் என்று சோதனைக்கூடத்துக்குப் போனால் அங்கே ஜெபசிங் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் நிரல் எழுதுகிறவர்களின் தலைவர். பிலோமி இதுவரை அவருடைய நிரலில் கண்டுபிடித்த பிழைகளை ஒன்றுவிடாமல் மனதில் வைத்திருந்தவர்.

"வாங்க பிலோமி மேடம். எல்லாருக்கும் தப்பு கண்டுபிடிப்பிய. இப்ப ஒங்க பாவை ஒண்ணு துடைப்பக்கட்டையோட குடித்தனம் நடத்துதே, அது எந்தச் சோதனையில வருது?"

பிலோமி திரையைத் தன் பக்கம் திருப்பினாள்.

"எடுத்துடுதேன் சார்."

"எடுங்க. எடுத்தா அன்னைக்கு ஒங்க நிபந்தனையில மாட்டுனது ஒரே ஆளுன்னு ஆகும். அது செல்லாது. அந்தப் பறவைக்காரர மாலையோட திரும்பக் கூட்டிட்டு வரணும். ஒங்கள வாசல்ல தள்ளணும்." அவர் நாற்காலியை இப்படியும் அப்படியும் சுற்றினார். "ஆனா நான் புகார் பண்ணல. ஏன் தெரியுமா? நல்ல யோசன. நான் எழுதுன நிரல்லயே இதுவரைக்கும் இப்படி ஒரு நல்ல யோசன வந்ததில்ல. பொறாமையா இருக்கு."

ஜெபசிங் விளக்கியபோது அது கேட்க நியாயமாகவே இருந்தது. இரண்டு பேர் வேண்டும் என்ற விதியால் ஒவ்வொரு பருவமும் யாரோ ஒரு அப்பாவி இறங்குகிறார். இனிமேல் ஒரே ஒருவர் மாட்டும் நிபந்தனையை நெய்வி துப்ப வேண்டியதில்லை. அந்த ஆளைப் போலவே ஒரு பாவையை அதுவே உண்டாக்கிப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளும். துணைப்பாவை. விதிக்கு இரண்டு பேர்; அழுவது ஒருவர். மேலிடத்துக்கு இதைவிடப் பெரிய கருணையை யார் காட்ட முடியும்?

"எண்ணிக்கை?" என்றாள் பிலோமி. "பாவைகளக் குடியாச் சேத்தா கீழருந்து யாரும் மேல வர முடியாதே, சார்."

"அடுத்த பதிப்புல எண்ணிக்கையிலருந்து எடுத்துடுதேன். ஒங்க தங்கச்சிதான் மொத ஆளா ஏறுவா. நீங்க இதுக்கு ஒப்புதல் குடுங்க. விலக்கு நாளுக்கு முந்தி வேணும்."

"எழுதிக் குடுப்பியளா?"

"என் வாய் மேல நம்பிக்க இல்லியா?"

"இல்ல சார்."

அவர் சிரித்தார். எழுதிக் கொடுக்கவில்லை. ஜெனோவா அன்று தொலைபேசியில் பேசவில்லை, இருமினாள் மட்டும். பிலோமி சோதனையைத் தொடங்கினாள்.

துணைப்பாவை நன்றாகவே வேலை செய்தது. எந்த ஆளைச் சொன்னாலும் அவருக்கு அச்சாக ஒரு பாவை பக்கத்தில் வந்து நின்றது. வயது, நடை, உறக்கம், கோபம் எல்லாம் அதே. ஓடிய சோதனைகள் எல்லாம் பச்சை. ஒன்று மட்டும் சிவப்பு. அதைத் திறந்து பார்த்தாள். 'பாவை பேசியது' என்றிருந்தது. புதிய பாவைகளுக்கு யாரும் வாயை அடைக்கவில்லை. பழைய நிரலிலிருந்து அப்படியே எடுத்ததால், குலுக்கிப்போட்டுப் பேசும் வாயும் கூடவே வந்துவிட்டது.

இதைத் திருப்பி அனுப்பினால் ஜெபசிங் ஒரு பருவம் இழுத்தடிப்பார். அடுத்த மழையும் வந்துவிடும். பேசினால் பேசட்டும், பாவை சொல்வதை யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தாள். ஒப்புதல் கொடுத்தாள். எத்தனையோ ஒப்புதல் கொடுத்த கைதான். அன்று மட்டும் கொடுத்த பிறகு அதைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த விலக்கு நாளில் சுவர்கள் எல்லாரையும் ஏற்றுக்கொண்டன. யாருக்கும் துப்பவில்லை. ஒவ்வொருவரும் தங்கள் பகையாளியைத் துல்லியமாகச் சொன்னார்கள், இத்தனை நாள் சொல்ல முடியாமல் வைத்திருந்த துல்லியத்தோடு. மாமியார் மருமகளைச் சொன்னாள். மருமகள் மாமியாரைச் சொன்னாள். கடன் கேட்டவனை ஒருவன் சொன்னான், குறட்டை விடுகிற கணவனை ஒருத்தி சொன்னாள். எல்லா நிபந்தனையும் சரியாக இரண்டு பேரைப் பிடித்தது. எல்லாம் சமம். சமமானவை அத்தனையும் நிறைவேற வேண்டும்.

லிஃப்ட் வாசலில் கூட்டம் நெருக்கியது. பெட்டிகளோடு நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்து, "நீதானே?" என்று கேட்டுக்கொண்டார்கள். இரண்டு சகோதரர்கள் அங்கேயே கட்டிப் புரண்டார்கள். ஜெபசிங்கும் ஒரு பெட்டியோடு நின்றார். சோதனைக்கூடத்தில் மட்டும் அவரைச் சொன்னவர்கள் ஆறேழு பேர் இருப்பார்கள்.

"சார், எண்ணிக்கை?" என்று பிலோமி கூட்டத்தை இடித்துக்கொண்டு போய்க் கேட்டாள். "அடுத்த பதிப்பு?"

"நீங்க எழுதிக்கோங்க மேடம். நீங்கதான் பெரிய ஆளாச்சே." லிஃப்ட் கதவு மூடும்போது அவர் உள்ளேயிருந்து கத்தினார்: "என்னயச் சொன்னதுல நீங்களும் ஒண்ணுதான!"

அவளும் ஒன்றுதான்.

ஆனால் நிரலை எழுத அவளுக்குத் தெரியாது. குடித்தொகுப்பைத் தொடும் உரிமையை ஜெபசிங் தன்னோடு கீழே கொண்டுபோய்விட்டார். மேலிடத்துக்கு எழுதினாள். சங்குமேட்டில் புகார்கள் வெகுவாகக் குறைந்திருப்பதால் எந்த மாற்றமும் தேவைப்படவில்லை என்று பதில் வந்தது. குறையாமல் என்ன செய்யும்? புகார் சொல்ல ஆள் இல்லை. ஒன்பதாவது மாடியில் அவளையும் இன்னும் இரண்டு வீட்டையும் தவிர மற்றதெல்லாம் பூட்டிக் கிடந்தது. குடித்தொகுப்பின்படி மாடி நிரம்பி வழிந்தது. பூட்டிய வீடுகளுக்குத் தண்ணீர் ஏறியது, விளக்கு எரிந்தது. வாசல் திரை 'இடம் நிரம்பியுள்ளது' என்றே சொன்னது. கீழே நின்ற வரிசை ஒரு அடிகூட நகரவில்லை.

வெறுக்க ஆள் இல்லாத நடையில் நடப்பது பிலோமிக்கு முதலில் சுகமாக இருந்தது. பிறகு எப்படியோ இருந்தது. கருவாடு வறுத்தாள், யாரும் கதவைத் திறந்து திட்டவில்லை.

அடுத்த விலக்கு நாளன்று காலை, அவள் சுவர்க் காதருகே நின்று என்ன சொல்வதென்று தெரியாமல் சும்மா வந்துவிட்டாள். மாலையில் அவளுடைய கதவட்டை சிவப்பாகியிருந்தது.

வாசலுக்கு ஓடினாள். காவலர் ஒருவர்தான் மிச்சம் இருந்தார். அவர் திரையைத் திருப்பிக் காட்டினார்.

'மூன்றால் வகுபடும் மாடியில் வசிப்பவர். செவ்வாய்க்கிழமை பிறந்தவர். பச்சை வாளி வைத்திருப்பவர். போன மாதம் பல் மருத்துவரிடம் போகாதவர்.'

"இது யாரு சொன்னது?"

"சொல்லக் கூடாதுக்கா. சட்டம்."

"நான் நெய்வியச் சோதிக்கிறவ. எனக்குச் சொல்லலாம். எவன் சொன்னான்? எவ சொன்னா?"

காவலர் தலையைச் சொறிந்தார். "அஅஅ-ன்னு போட்டிருக்கு. பன்னிரண்டாவது மாடி. யாருக்கா அது? பாத்ததே இல்ல."

"என்ன கோவமாம் எம் மேல?"

"அத எப்படிக்கா இதுல பாக்கறது?"

பிலோமி திரையை மறுபடி படித்தாள். அடைப்புக்குறிகள் சரியாக இருந்தன. சொன்னதும் நெய்ததும் ஒன்றுதான். ஒரு பிழையும் இல்லை. பிழை இருந்திருந்தால் அவள் அங்கேயே உட்கார்ந்து வாதாடியிருப்பாள். அந்தப் பாவை நின்ற இடத்தில் ஒரு காலத்தில் யாரோ ஒருவர் இருந்திருப்பார், அவளை நிஜமாகவே பிடிக்காத யாரோ. அவரைப் போல நடந்து அவரைப் போல உறங்கும் அந்தப் பதிவுக்கு அவளைத் தெரியவே தெரியாது. வாளியைத்தான் தெரியும்.

பெட்டியோடு தண்ணீரில் இறங்கினாள். உப்புத் தண்ணீர் முழங்காலைத் தொட்டபோது அது இவ்வளவு குளிராக இருக்கும் என்று தங்கை ஒரு நாளும் சொல்லவில்லையே என்று நினைத்தாள்.

ஜெனோவா பலகை வீட்டின் படியில் உட்கார்ந்திருந்தாள். பாதி ஆளாக இருந்தாள். அக்காவின் பெட்டியைப் பார்த்தாள். நகர்ந்து இடம் கொடுத்தாள். கொஞ்ச நேரம் இருமிவிட்டுத்தான் பேசினாள்.

"யாருக்கா ஒம் மேல அவ்வளவு கோவம்?"

"அந்தப் பறவைக்காரன்தான்."

"அவரு இங்கல்லா இருக்காரு! மேல இருந்து எறங்கி எத்தன நாளாச்சி."

"அவந்தான். வேற யாரு இருக்கா எனக்கு?"

எதிர்வீட்டுப் படியில் கூண்டோடு உட்கார்ந்திருந்த செல்வமணிக்கு அது கேட்டது. சொன்னபடியே எதிரில்தான் வீடு கட்டியிருந்தார். காலை இழுத்துக்கொண்டு தண்ணீருக்குள் நடந்து வந்தார்.

"எம் பேரு ஏன் அடிபடுது? என்ன நிபந்தனையில எறக்குனாங்க? சொல்லு, கேப்போம்."

பிலோமி சொன்னாள். மாடி, செவ்வாய்க்கிழமை, பச்சை வாளி, பல் மருத்துவர்.

செல்வமணி சிரித்த சிரிப்பில் கூண்டுப் பறவைகள் சிறகடித்தன. பிறகு அவருக்கு நிஜமாகவே கோபம் வந்தது.

"இத நான் சொன்னேங்கியா? வாளியும் பல்லும்? இதுல நீ எங்க இருக்க? இப்படி ஒரு கேவலத்த எந் தலையில கட்டாத."

"நீரு சொல்லியிருந்தா என்னத்தச் சொல்லியிருப்பீரு?"

அவர் யோசிக்கவே இல்லை. பல நாளாக வாயில் வைத்திருந்ததைத் துப்புவதுபோல, அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"தப்பு கண்டுபிடிச்ச அன்னைக்கு மட்டும் பாட்டு முனங்கிட்டுப் படியேறுறவ. அடுத்த வீட்டு வாசல்ல கோணிக் கெடக்குற செருப்பக் கால்ல நேராக்கி வச்சிட்டு, வைக்காத மாரி போறவ. மன்னிப்புக் கேக்குற வாய் வந்துட்டா இருமுறாப்புல நடிக்கிறவ. தங்கச்சி போன பெறகும் சாப்பாட்டுக்கு ரெண்டு தட்ட எடுத்து வச்சிட்டு, ஒண்ண மறுபடி அலமாரியில வைக்கிறவ." மூச்சு வாங்கினார். "நடை ஜன்னல் வழியா எல்லாம் பாத்தாச்சி. போதுமா? அடுத்த விலக்கு நாளுக்கு இததான் வச்சிருந்தேன். நீ முந்திக்கிட்ட."

ஜெனோவா அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். பிலோமியின் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தன. சோதனைக்கூடத்தில் ஒரு நிபந்தனையை ஓட்டிப் பார்க்கும்போது அசைவது போல.

"அது செல்லாது," என்றாள் கடைசியில். "பழைய நெய்வியா இருந்தா துப்பியிருக்கும்."

"ஏன்? என்ன கொற அதுல?"

"ஒருத்திதான் மாட்டுவா."